கேமரா பதிவை எங்கே வைப்பது: மகளுக்கு ஒரு கடிதம்

தண்டையார்பேட்டை

அன்புக் கண்ணு,

நம் வீட்டுக்கு நாலு கேமரா மாட்டலாம், பதிவெல்லாம் க்ளவுடிலேயே, அதாவது இணையம் வழியாகக் கம்பெனியின் சர்வரிலேயே இருக்கட்டும், வீட்டில் தனியாக ரெக்கார்டர் பெட்டி எதற்கு என்று கேட்டிருந்தாய். கேமரா சரி. பதிவை வைக்கும் இடத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. போனில் சொன்னால் எண்கள் நிற்காது என்பதால் எழுதுகிறேன்.

முதல் எண் 10.8. ஒரு கேமரா நொடிக்கு 1 மெகாபிட் வீதம் இடைவிடாமல் பதிந்தால் ஒரு நாளைக்கு 10.8 ஜிபி சேரும். இரண்டு மெகாபிக்சல் கேமராவை எச்.265 என்ற வீடியோச் சுருக்க முறையில், நொடிக்கு 15 ஃபிரேமில் வைத்தால் 2 மெகாபிட் போதும். அப்படியானால் நாளுக்கு 21.6 ஜிபி, நாலு கேமராவுக்கு 86.4 ஜிபி. இதையே பழைய முறையான எச்.264-இல் பதிந்தால் ஏறக்குறைய இரட்டிப்பு. மாட்டுகிறவர் செட்டிங்கில் இந்த ஒரு வரியை மாற்ற மறந்தால், 23 நாள் தாங்க வேண்டிய 2 டிபி டிஸ்க் 11 நாளிலேயே பழையதை அழிக்கத் தொடங்கிவிடும். இரவில் வெளிச்சம் குறையும்போது படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் துடிக்கும். அந்தப் புள்ளிகளையும் கேமரா விடாமல் பதியும். அதனால் பிட்ரேட்டுக்கு, அதாவது நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பதற்கு, உச்ச வரம்பு வைக்காத வீட்டில் கணக்கு ராத்திரியில்தான் கெடும்.

இப்போது க்ளவுடுக்கு வா. நாளுக்கு 86.4 ஜிபியை மாதம் முழுக்க மேலே ஏற்றினால் சுமார் 2,600 ஜிபி. அன்லிமிடெட் என்று விற்கிற ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் மாத வரம்பே 3,300 ஜிபிதான். அதனால்தான் க்ளவுட் கேமராக்கள் பெரும்பாலும் அசைவு தெரிகிற துண்டுகளை மட்டும் ஏற்றுகின்றன. நம் தெருவில் அசைவு எப்போது நின்றிருக்கிறது? ஆட்டோ, மாடு, பந்தடிக்கும் பிள்ளைகள் என்று நாள் முழுக்க உன் போன் அலறும். ஒரு வாரத்தில் நீயே அறிவிப்பை அணைத்துவிடுவாய். அதோடு, கம்பத்திலிருந்து வீட்டுக்குத் தொங்கி வரும் ஃபைபர் வயரை ஒரு கட்டிங் பிளேயரால் நறுக்கினால் போதும், க்ளவுட் அதோடு சரி.

கேமராவுக்குள் மெமரி கார்டு போடுவது மலிவு. 128 ஜிபி கார்டில் ஒரு கேமராவின் பதிவு ஏறக்குறைய ஆறு நாள் நிற்கும். ஆனால் போனுக்குப் போடுகிற கார்டு இதற்கு ஆகாது; ஓயாமல் எழுதி அழிப்பதில் அதன் செல்கள் தேய்ந்துபோகும். 'எண்டியூரன்ஸ்' என்று அச்சிட்ட கார்டே வேண்டும். கார்டு செத்த பிறகும் ஆப்பில் நேரலை ஓடிக்கொண்டிருக்கும் என்பதுதான் ஆபத்து. பதிவு இல்லை என்பது தேவைப்படுகிற அன்றைக்குத்தான் தெரியவரும். பர்மா பஜாரோ ரிச்சி ஸ்ட்ரீட்டோ, எங்கே வாங்கினாலும் பில் வாங்கு. கம்ப்யூட்டரில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற சோதனை நிரலைப் போட்டுக் கொள்ளளவு உண்மைதானா என்று பார்த்துவிட்டு, கேமராவுக்குள்ளேயே ஃபார்மேட் செய். கேமராவைக் கழற்றிக்கொண்டு போகிறவன் கார்டையும் சேர்த்துத்தான் கொண்டுபோவான். அதனால் கார்டு துணைக்கு மட்டும்.

முதன்மைப் பதிவு வீட்டுக்குள் ஒரு நாலு சானல் என்விஆரில், அதாவது நாலு கேமராவுக்கான ரெக்கார்டர் பெட்டியில், இருக்க வேண்டும். அதில் போடும் டிஸ்க் டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்ற கண்காணிப்பு டிஸ்க்காக இருக்கட்டும். கம்ப்யூட்டர் டிஸ்க் ஒரு கெட்ட செக்டாரில் (டிஸ்க்கில் பழுதான ஒரு சிறு இடத்தில்) மாட்டிக்கொண்டால் அதையே திரும்பத் திரும்பப் படிக்க முயன்று பல நொடி நின்றுவிடும்; ரெக்கார்டர் டிஸ்க் போய்விட்டதென்று எண்ணிப் பதிவை விட்டுவிடும். கண்காணிப்பு டிஸ்க் அந்த இடத்தைத் தாண்டி எழுதிக்கொண்டே போகும். பழைய டிஸ்க்கைத் துடைத்துப் புதிது என்று விற்பதும் உண்டு. மாட்டியவுடன், டிஸ்க்கின் நிலையைக் காட்டும் ஸ்மார்ட் பக்கத்தில் 'பவர் ஆன் ஹவர்ஸ்' (இதுவரை ஓடிய மணி நேரம்) பார். ஆயிரக்கணக்கில் காட்டினால் அன்றைக்கே திருப்பிக் கொடு.

பழைய கம்ப்யூட்டரை ரெக்கார்டராக்கலாமே என்று உனக்குத் தோன்றும். அது 60 வாட் இழுத்தால் மின்வாரியத்தின் இரண்டு மாதக் கணக்கில் 86 யூனிட் ஏறும். 15 வாட் என்விஆருக்கு 22 யூனிட்கூட ஆகாது. நாஸ் எனப்படும், நெட்வொர்க்கில் மாட்டும் பெரிய சேமிப்புப் பெட்டி நம் நாலு கேமராவுக்கு மிகை.

பெட்டியைத் தரைத்தளத்தில் வைக்கவே கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. டிவி பக்கத்திலும் வேண்டாம், திருடன் முதலில் போகிற இடம் அது. மாடி அறைப் பரணில், காற்று போகிற பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். தகரக் கூரைக்கு அடியில் மட்டும் வேண்டாம், கத்திரி வெயிலில் டிஸ்க் வெந்துவிடும்.

காசிமேட்டுக் காற்றில் உப்பு இருக்கிறது. கேமரா வயரின் ஆர்ஜே45 முனையைச் சுவருக்கு வெளியே சும்மா விட்டால் சில மாதத்தில் பச்சை பூத்துவிடும். அப்புறம் கேமரா அவ்வப்போது அணைந்து எழும், பதிவில் ஓட்டை விழும், எல்லோரும் டிஸ்க்கைக் குறை சொல்வார்கள். ஒவ்வொரு கேமராவுக்கும் அடைப்புள்ள ஜங்ஷன் பெட்டியும், முனையில் சிலிக்கோன் கிரீஸும் கேட்டு வாங்கு. என்விஆர், மோடம் இரண்டையும் ஒரே 600 விஏ யுபிஎஸ்ஸில் கொடுத்தால் கரண்ட் போனாலும் முக்கால் மணி நேரம் ஓடும். டிஸ்க்கும் எழுதும்போதே வெட்டுப்படாது.

ரெக்கார்டரின் நேரத்தை என்டிபி (இணையத்திலிருந்து சரியான நேரம் எடுக்கும் முறை) வழியாக இந்திய நேரத்துக்கு, அதாவது 5:30 கூட்டி, பூட்டிவிட வேண்டும். உள்ளே இருக்கும் காசு வடிவப் பேட்டரி தீர்ந்தால் சில ரெக்கார்டர்களில் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். பதிவு இருந்தும் தேடினால் கிடைக்காது.

ஏதாவது நடந்தால் அன்றே எடுத்து வை. டிஸ்க் நிறைந்ததும் மேலெழுதிவிடும். திரையைப் போனில் படம்பிடித்து அனுப்புவதை நம்பாதே. சம்பவத்துக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் சேர்த்து, மூலக் கோப்பையே பென் டிரைவில் இறக்கி, வேறு கம்ப்யூட்டரில் ஓடுகிறதா என்று பார். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுச் சான்றோடு ஒரு சான்றிதழையும் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு சற்று மாறினாலும் மாறிவிடும், அதன் கைரேகை போன்ற குறியீடு) கேட்கிறது. அதனால் கோப்பை வெட்டாதே, வேறு வடிவத்துக்கு மாற்றாதே.

நீ அங்கிருந்து பார்க்க ரௌட்டரில் போர்ட் திறக்க, அதாவது இணையத்திலிருந்து ரெக்கார்டருக்கு நேர் வழி விட, சொல்வார்கள், சம்மதிக்காதே. 2016-இல் மிராய் என்ற நிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் பிடித்தது, கம்பெனி பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டதால்தான். கம்பெனி ஆப் வழியே பார்த்தால் போதும். அட்மின் பாஸ்வேர்ட் உன்னிடமும் என்னிடமும் மட்டும் இருக்கட்டும். எதிர்வீட்டு ஜன்னல் தெரிகிற பகுதியை பிரைவசி மாஸ்க்கால் மறைத்துவிடச் சொல்.

க்ளவுடை முழுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட் கேமராவுக்கு மட்டும் சந்தா போடு, அசைவுப் பகுதியை நம் வாசற்படிக்குள் அடக்கு. பெட்டியே போனாலும் ஆளின் முகம் வெளியே இருக்கும்.

2 டிபி டிஸ்க்கை நீ ஆர்டர் போடாதே, கூரியரில் அடிபட்டு வரும். இங்கே நானே பார்த்து வாங்குகிறேன். மாட்டிய பிறகு ஞாயிறு தோறும் ஒரு நிமிடம், முந்தின வாரத்துப் பதிவு ஒன்றை நீ அங்கிருந்தே ஓட்டிப் பார்த்துச் சொல்.

அன்புடன்,
அப்பா