மாணவ ஆசிரியர்களிடம் கருத்துக் கேட்கும் முன்

ஆசிரியர் கல்விக்குப் பாடத்திட்டம் வகுப்போருக்கு,

வணக்கம். கற்பித்தல் பயிற்சிக்கு வரும் மாணவ ஆசிரியர்களுக்கு வகுப்பறையில் துணை நிற்பது என் வேலை. மாற்றுத்திறன் குழந்தைகளையும் மற்றவர்களோடு ஒரே வகுப்பில் கற்பிக்கும் உள்ளடக்கிய கல்வியில் செயற்கை நுண்ணறிவு பற்றி அவர்களின் மனப்பான்மையை அறிய வினாத்தாள்கள் வந்தபடி இருக்கின்றன. 'பயனுள்ளது', 'பயன்படுத்த எளிது' என்ற கூற்றுகள். எதிரே, எவ்வளவு உடன்படுகிறோம் என்று குறிக்க ஐந்து கட்டங்கள். 1989-இல் ஃபிரெட் டேவிஸ் வெளியிட்ட தொழில்நுட்ப ஏற்பு மாதிரியின் சாயல் இவற்றில் பலவற்றில் தெரிகிறது. அலுவலக ஊழியர் ஒரு மென்பொருளை ஏற்பாரா என்று பார்க்க அது சரியான அளவுகோல்தான். அங்கே பயன்படுத்துபவரும் பலனை அடைபவரும் ஒருவரே. வகுப்பறையில் பொத்தானை அழுத்துவது ஆசிரியர், விளைவைச் சுமப்பது குழந்தை. யாருக்கு எளிது என்று அந்தத் தாள் கேட்பதே இல்லை.

எல்லாக் கூற்றுக்கும் 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்று குறித்த ஒரு மாணவ ஆசிரியை, டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடு உள்ள சிறுவனின் பெயரையும் மதிப்பீட்டு அறிக்கையையும் அப்படியே சாட்பாட்டில் ஒட்டி, தனிநபர் கல்வித் திட்டம் ஒன்றை வாங்கிவந்தார். அழகாகத்தான் இருந்தது. பெயரை மாற்றினால் வேறு எந்தச் சிறுவனுக்கும் பொருந்தும். அவன் அந்தரங்கம் வெளியே போனதை அவர் உணரவேயில்லை. குறை சொல்ல மனம் வரவில்லை. அதை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

எதையும் ஏற்காத இன்னொருவர், காது கேளாத மாணவிக்காக வேண்டாவெறுப்பாகத் தானியங்கி வசன வரிகளைப் போட்டார். கரும்பலகையைப் பார்த்தபடி பேசும்போதெல்லாம் திரையில் வரிகள் குழம்பின. இரண்டாம் நாளே வகுப்பை நோக்கித் திரும்பி, நிறுத்திப் பேசத் தொடங்கினார். நான் பலமுறை சொல்லியும் நடக்காதது அது! அதே வகுப்பில், திக்கிப் பேசும் சிறுவனின் வாசிப்பைச் சோதித்த செயலி, அவன் தயங்கிய இடத்தில் வாக்கியம் முடிந்ததாக எண்ணி மதிப்பெண்ணைக் குறைத்தது. சரளமான பேச்சையே பெரும்பாலும் கேட்டுப் பழகிய இயந்திரத்துக்குத் தயக்கம் புரிவதில்லை. அவர் ஆதரவாளராகவும் மாறவில்லை, பழையபடி எதிர்ப்பாளராகவும் இல்லை. எந்தக் கட்டத்தில் அவரைக் குறிப்பீர்கள்?

உள்ளடக்கிய கல்வி ஒரு தாள், கல்வித் தொழில்நுட்பம் வேறொரு தாள் என்று பிரித்தே வைத்திருக்கிறோம். இரண்டும் கற்பித்தல் பயிற்சியில் ஒன்றுசேரட்டும். மாணவரின் விவரங்களில் எதைக் கருவிக்குத் தரக்கூடாது என்பது முதல் வாரப் பாடமாகட்டும். குழந்தையின் முகத்தைப் பார்த்து உணர்ச்சியைச் சொல்லும் மென்பொருள் என்றால் நம் மாணவ ஆசிரியர்களுக்குக் கண் விரிகிறது. கல்விக்கூடங்களில் அப்படி ஊகிப்பதை, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் நீங்கலாக, ஐரோப்பிய ஒன்றியம் தன் 2024 செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தில் தடைசெய்திருப்பதையும் அவர்கள் அறியட்டும்.

வினாத்தாளையும் விட்டுவிட வேண்டாம். பயிற்சி முடிந்தபின் மறுபடி கொடுங்கள், ஒரு கேள்வியை மட்டும் கூட்டி: "இந்தக் கருவி உங்கள் வகுப்பில் எந்தக் குழந்தைக்குப் பயன்படவில்லை, அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்?"

இப்படிக்கு,
ஒரு வழிகாட்டி ஆசிரியர்