அப்பாயியைத் தீவுக்கு அழைத்துச் சென்று சேர்த்தவர்களுக்கு நன்றி மடல்

அன்பும் மதிப்பும் மிக்க உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அரையாண்டு விடுமுறையில் அந்தமானுக்குப் புறப்பட்ட எங்கள் குடும்பம், எண்பதைக் கடந்த அப்பாயி (அப்பாவின் தாய்) முதல் இன்னும் பால்குடி மறக்காத என் தங்கை மகன் வரை, நான்கு தலைமுறையும் நலமாகக் கோத்தகிரிக்குத் திரும்பிவிட்டது. பணம் சேர்த்ததும் பெட்டி கட்டியதும்தான் நாங்கள் செய்த வேலை. மற்றதையெல்லாம் பிறர் செய்தார்கள். பெயரை எழுத வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதாலும், வேறு சிலர் பெயரைச் சொல்லாமலே போய்விட்டதாலும், இம்மடலில் யார் பெயரும் இல்லை. படிக்கும்போது அவரவருக்கே தெரியும்.

அப்பாயிக்குக் கடல் புதிதன்று. இலங்கைத் தோட்டத் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, கண்டிப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து தலைமன்னார் வந்து கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பின்னர் தமிழ்நாடு அரசின் தேயிலை நிறுவனமான டேன்டீயின் தோட்டத்தில் கொழுந்து பறிக்க இந்த மலைக்கு வந்தவர் அவர். அவருடைய தங்கையின் குடும்பத்துக்கு அரசு காட்டிய இடமோ நிக்கோபாரின் கச்சால் தீவில் இருந்த ரப்பர்த் தோட்டம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அத்தீவைச் சூறையாடிய பிறகு, உயிர் தப்பிய அவர்கள் போர்ட் பிளேரில் குடியேறினார்கள். 2024இல் அந்நகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டாலும், எங்கள் சின்ன அப்பாயி இன்றும் ‘போட்பிளேர்’ என்றே சொல்கிறார். மண்டபத்தில் பிரிந்த அக்காளும் தங்கையும் அதன்பின் தொலைபேசியில் குரல் கேட்டார்களே தவிர, ஒருவர் கையை ஒருவர் பிடித்ததில்லை. சுற்றுலா என்றுதான் பிள்ளைகளிடம் சொல்லி அழைத்துப் போனோம். அதுவும் உண்மைதான்.

முதல் நன்றி எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் அண்ணிக்கும் உரியது. தேயிலை உள்ள வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒன்றாக ஊரைவிட்டுப் போவது எவ்வளவு கடினம் என்பது இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பறிக்கும் நாள் தள்ளிப்போனால் கொழுந்து முற்றிவிடும், முற்றிய இலைக்கு ஃபேக்டரியில் நல்ல விலை கிடைக்காது. தங்கள் தோட்டத்து வேலையை முடித்த கையோடு எங்கள் செடிகளிலும் பறித்து, எடை போட்ட சீட்டுகளை ஒன்றுவிடாமல் சேர்த்து வைத்து, நாங்கள் வந்ததும் கணக்கோடு கொடுத்தார்கள். கூலி என்று நீட்டியதை வாங்க மறுத்த அண்ணி, ‘பெரியம்மா முகத்துல சிரிப்பு வந்திருக்கு, அது போதும்’ என்று சொல்லிவிட்டார்.

அடுத்து எங்கள் வேன் ஓட்டிய தம்பிக்கு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிவது நாம் அறிந்ததே. காலையில் இறங்கலாம் என்றிருந்த எங்களை, முதல் நாள் மாலையே இறக்கிவிட வேண்டும் என்று வற்புறுத்தி, மேட்டுப்பாளையத்தில் தன் மாமியார் வீட்டிலேயே தங்க வைத்து, விடியற்காலையில் கோவை விமான நிலையத்தில் சேர்த்தார். கொண்டை ஊசி வளைவுகளில் அப்பாயிக்குத் தலை சுற்றக் கூடாது என்பதற்காக அவர் ஓட்டிய வேகத்தில், பின்னால் வந்த வண்டிக்காரர்கள் எங்களைத் திட்டியிருப்பார்கள். அவர்களிடமும் பொறுத்தருளக் கேட்டுக்கொள்கிறோம். இரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து உறையில் எழுதிக் கொடுத்த டாக்டரம்மாவுக்கும், கோவையிலும் சென்னையிலும் சக்கர நாற்காலி தள்ளிய பிள்ளைகளுக்கும் எங்கள் வணக்கம்.

அந்தமானில் நாங்கள் பட்ட கடன் இன்னும் பெரியது. பண்டிகைக் காலத்தில் அரசுக் கப்பலில் இடம் கிடைப்பது அரிது. எங்களுக்கு எந்த வகையிலும் உறவில்லாத, சின்ன அப்பாயியின் தெருவில் வசிக்கும் இராமநாதபுரத்துக்காரர் ஒருவர், இருட்டோடு போய் வரிசையில் நின்று எல்லோருக்கும் சீட்டு வாங்கி வந்தார். அங்கே நம் நேரமேதான் என்றாலும், தீவுகள் கிழக்கே தள்ளியிருப்பதால் டிசம்பரில் ஐந்தரை மணிக்கெல்லாம் நன்றாக இருட்டிவிடுகிறது. காலையும் அதற்கேற்ப முந்தி வெளுக்கிறது. விடியற்காலையில் தோட்டத்துப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பதற்கு)ப் போய்ப் பழகிய அப்பாயிக்கு அது பெரிதும் பிடித்துப்போயிற்று. எங்களுக்கும் பிள்ளைகளுக்கும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

நீல் தீவில், அதாவது இன்றைய ஷஹீத் தீவில், பரத்பூர் கடற்கரை படகுத்துறைக்கு அருகிலேயே இருக்கிறது. ஆனாலும் மணலில் சக்கர நாற்காலி நகராது. நாங்கள் கரையிலேயே தயங்கி நின்றபோது, கண்ணாடி அடித்தளப் படகு ஓட்டும் இளைஞர்கள் தாமாகவே வந்து, அப்பாயியை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்த்தி, ஆளுக்கொரு கால் பிடித்துத் தூக்கிப் படகில் வைத்தார்கள். பின்னாலேயே இன்னொரு நாற்காலியில் சின்ன அப்பாயியும் வந்தார். அந்த இளைஞர்கள் வங்காளம் பேசுபவர்கள். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்து அத்தீவில் குடியமர்த்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். மொழி புரியாமலே அப்பாயி தன் கப்பல் கதையை அவர்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். நடுவில் சின்ன அப்பாயி இந்தியில் எடுத்துச் சொன்னதும், ஒரு பையன் தன் தாத்தாவும் அப்படி வந்தவர்தான் என்றான். அன்று பவளப்பாறையை யாரும் சரியாகப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

செல்லுலார் சிறையைப் பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட ஏழு சிறகுகளில் மூன்றே எஞ்சியுள்ளன. அவர் மாடி ஏறி இறங்கும் வரை அப்பாயிக்கு நிழலில் நாற்காலி போட்டுக் கொடுத்த காவலருக்கு நன்றி. டிசம்பர் 26 அன்று சின்ன அப்பாயி வீட்டில் இறந்தவர்களுக்கு விளக்கேற்றியபோது, எங்களையும் குடும்பத்தாராகவே வரிசையில் நிறுத்திய அத்தெருவினருக்கு எவ்வளவு சொன்னாலும் தகும்.

சிப்பி, சங்கு கொண்டுவரவில்லையே என்று கேட்ட குழந்தைகளுக்கு ஒரு விளக்கம்: அனுமதியின்றி அவற்றை அங்கிருந்து எடுத்து வருவது சட்டப்படி குற்றம். தேங்காய் மிட்டாய் மட்டும் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வரும் மே மாதம், ஊட்டி மலர்க்கண்காட்சி சமயத்தில், சின்ன அப்பாயியும் அவர் மக்களும் மலைக்கு வருவதாக வாக்களித்திருக்கிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து அழைத்து வர வேன் தம்பியிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டோம். இம்மடலில் குறிப்பிட்ட அனைவரும், இடம் கருதி விடுபட்டவர்களும், அந்த வாரத்தில் ஒரு நாள் எங்கள் வீட்டில் உண்ண வர வேண்டும் என்று அப்பாயி சார்பில் அழைக்கிறேன்.

இப்படிக்கு,
மூத்த பேத்தி, குடும்பத்தார் அனைவரின் சார்பில்,
கோத்தகிரி.