இன்வெர்ட்டர் எரிந்த கதையைக் கேட்ட பெரியவருக்கும், மற்ற அனைவருக்கும்

நம் ஊர்த் தமிழ்க் குடும்பத்தினர் அனைவருக்கும் வணக்கம்.

கறுப்பினப் பொறியாளர் மாநாட்டுக்குப் போய்ச் சிகாகோவிலிருந்து நாங்கள் திரும்பி மூன்று நாள்தான் ஆகிறது. 14 மாணவர்களும் நலமாக வந்து சேர்ந்துவிட்டார்கள். மாநாட்டுக்குப் போக வண்டியில்லாமல் நாங்கள் நின்ற மார்ச் 3ஆம் தேதி இரவு என்ன நடந்தது, யார் கைவிரித்தார்கள், நம் வாட்ஸ்அப் குழுவில் யார் முதலில் "என் வண்டி இருக்கிறது" என்று எழுதினார்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்; அதை நான் இங்கே மறுபடி விரிக்கப் போவதில்லை. மாணவர்கள் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்ட அட்டை ஒவ்வொரு வீட்டுக்கும் தனியே வரும். நான் தமிழில் எழுதுவதற்குக் காரணம், ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் நன்றி என்ற சொல் எனக்கு அலுவலகக் கடிதத்தின் கடைசி வரி போல ஆகிவிடுகிறது என்பதுதான்.

இந்த ஆண்டு போகாமல் இருக்கவே முடியாது என்று நான் அந்த இரவில் ஏன் அத்தனை பதறினேன் என்று சிலர் பிறகு கேட்டீர்கள். கறுப்பினப் பொறியாளர்களின் தேசியச் சங்கம், மாணவர்கள் வாயில் 'நெஸ்பி', நாடு முழுவதற்குமான சங்கமாகி இந்த 2025இல் ஐம்பது ஆண்டு நிறைகிறது. 1971இல் நம் இந்தியானா மாநிலத்துப் பர்டூ பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் பார்னெட், ஃபிரெட் கூப்பர் என்ற இரண்டு மாணவர்கள், பொறியியலில் சேரும் கறுப்பின முதலாண்டு மாணவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் படிப்பைப் பாதியில் விட்டுப் போவதைப் பார்த்துப் பொறுக்காமல் புலத் தலைவரிடம் போய் நின்றார்கள். அங்கே பொறியியலில் இருந்த ஒரே கறுப்பின ஆசிரியர் ஆர்தர் பாண்ட் அவர்களுக்கு வழிகாட்டியாக வந்தார். அந்தச் சிறு சங்கத்தைச் சில ஆண்டுகளில் நாடு முழுவதற்குமான சங்கமாக ஆக்கியவர்கள் 'சிகாகோ அறுவர்' என்று இன்றும் அழைக்கப்படும் ஆறு மாணவர்கள். அவர்களில் ஒருவரான ஆந்தனி ஹாரிஸ், அங்கீகாரம் பெற்ற 288 பொறியியல் கல்லூரிகளுக்குக் கடிதம் எழுதி, உங்கள் கல்லூரியில் கறுப்பின மாணவர்கள் யார், அவர்களுக்கு அமைப்பு ஏதேனும் உண்டா என்று விசாரித்தார். 1975 ஏப்ரலில் பர்டூவில் கூடிய முதல் மாநாட்டுக்கு 32 கல்லூரிகளிலிருந்து 48 பேர் வந்தார்கள். அந்த அறுவரின் ஊரிலேயே பொன்விழா மாநாடு நடக்கிறது, அவர்கள் படித்த அதே மாநிலத்தில், சிகாகோவிலிருந்து சில மணி நேரத் தொலைவில் இருக்கும் என் மாணவர்கள் வண்டியில்லாமல் விடுதி அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

வண்டி கொடுத்தவர்கள், ஓட்டி வந்தவர்கள், ஞாயிறு இரவு திரும்ப அழைத்துவர மறுபடியும் வந்தவர்கள், தாமதமாகப் பதிவு செய்த இருவரின் கட்டணத்தைச் சொல்லாமல் கட்டியவர், தங்கும் அறைக்குத் தம் ஓட்டல் சலுகைப் புள்ளிகளைக் கொடுத்தவர், குளிர் அங்கி இரவல் தந்தவர்கள், ஒரு மாணவனுக்கு வேர்க்கடலை ஒவ்வாது என்பதை முன்கூட்டியே கேட்டறிந்து அவனுக்கென்று தனியாகக் கடலை போடாமல் புளியோதரை கட்டிக் கொடுத்த சகோதரிகள், நம்மோடு சேர்ந்து உணவுப் பொட்டலம் கட்டிய தேவாலயத்துப் பெண்கள், எல்லோருக்கும் என் கைகூப்பிய வணக்கம். ஒவ்வொருவரைப் பற்றியும் தனித்தனியாக எழுத வேண்டும். ஆனால் இன்று என் மனம் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கிறது, அதை எழுதிவிடுகிறேன்.

வேன் ஓட்டி வந்த நண்பரின் தந்தை, மகன் அவ்வளவு தூரம் தனியாக ஓட்ட வேண்டாம் என்று முன்னிருக்கையில் ஏறிக்கொண்டார். மன்னார்குடிக்காரர், மின்வாரியத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி, உதவிப் பொறியாளராக ஓய்வு பெற்றவர், பேரனைப் பார்க்க வந்திருக்கிறார். 65ஆம் நெடுஞ்சாலையில் லஃபாயெட்டைத் தாண்டியதும் இருபுறமும் வரிசையாக வரும் காற்றாலைகளைக் கண்டு, கயத்தாற்றிலும் ஆரல்வாய்மொழியிலும் நிற்பவற்றோடு ஒப்பிட்டு, ஒன்று எத்தனை மெகாவாட் என்று பின்னால் இருந்த மாணவர்களிடம் கேட்டுக்கொண்டே வந்தாராம். அன்றிரவு அவர்கள் எங்களோடு தங்கிவிட்டு மறுநாள் திரும்புவதாக ஏற்பாடு.

இரவு உணவுக்குப் பின், சிகாகோவில் நாங்கள் தங்கிய விடுதியின் முன்கூடத்தில் மாணவர்கள் நேர்காணலுக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். நெஸ்பி மாநாட்டின் வேலைவாய்ப்புக் கண்காட்சியைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை: கோட்டு அணிந்த ஆயிரக்கணக்கான மாணவர்கள், கையில் தன்விவரக் குறிப்பு, ஒவ்வொரு நிறுவனத்தின் மேசைக்கும் நீண்ட வரிசை, மேசைக்குப் போய்ச் சேர்ந்ததும் கிடைப்பது ஓரிரு நிமிடம். அந்த ஓரிரு நிமிடத்தில் உன்னைப் பற்றிச் சொல் என்பார்கள். எங்கள் இரண்டாம் ஆண்டு மின்பொறியியல் மாணவி ஒருத்தி அந்த ஒரு கேள்வியில் மூன்று முறை நின்றுபோனாள். நல்ல மதிப்பெண், தெளிவான அறிவு, ஆனால் ஆய்வகத்துக்குள் அவள் நுழைந்தபோது "நீ சரியான அறைக்குத்தான் வந்திருக்கிறாயா?" என்று முதல் பருவத்தில் ஒருவர் கேட்டதை அவள் இன்னும் மறக்கவில்லை என்பதை நான் அறிவேன். நான்காவது முறை, "என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை, ஐயா. எல்லோரும் எங்காவது பயிற்சிப் பணி செய்திருக்கிறார்கள். நான் மளிகைக் கடையில் வேலை பார்த்தேன்" என்று சொல்லிக் காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

பெரியவர் அடுத்த நாற்காலியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அந்தக் காகிதத்தை எடுத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடைசி வரியில் விரலை வைத்து, "இது என்னம்மா, பம்ப்?" என்று ஆங்கிலமும் தமிழுமாகக் கேட்டார். அவள் தயங்கினாள். அது கல்லூரி வேலை இல்லை என்றாள். சிகாகோவின் தெற்குப் பகுதியில் இருக்கும் அவள் பாட்டியின் வீட்டில், பெருமழை பெய்தால் கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறிவிடும். மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போகும் பழைய ஊர் அது. குழாய் நிறைந்தால் தண்ணீர் வீட்டுக்குள் எதிர்த்து வரும். அதை இறைக்கப் பம்ப் உண்டு. ஆனால் புயலடிக்கும்போதுதான் மின்சாரமும் போகும். ஆகவே பேட்டரியில் ஓடும்படி அவள் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறாள்.

"முதலில் என்ன செய்தாய்?"

"இன்வெர்ட்டர் வைத்தேன். எரிந்துவிட்டது."

பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்தார். "ஓடுகிற கரண்டைப் பார்த்து வாங்கினாயா? மோட்டார் கிளம்பும்போது ஐந்து மடங்கு, ஆறு மடங்கு இழுக்குமே?" என்றார். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஆமாம், அதை இரண்டாவது இன்வெர்ட்டரும் எரிந்த பிறகுதான் அளந்து பார்த்ததாகச் சொன்னாள். அவர் தலையாட்டி, கடைமடை ஊர்களில் லோ வோல்டேஜ் வந்தால் பம்ப்செட் மோட்டார்கள் கூடுதல் கரண்டை இழுத்துச் சூடாகி வரிசையாகக் காயில் எரிந்ததையும், காய்கிற நடவு வயலுக்கும் ரீவைண்டிங் கடைக்கும் நடுவே விவசாயிகள் அலைந்ததையும், மின்மாற்றியை மாற்றித் தரும் வரை தமக்கு உறக்கம் இல்லாததையும் சொன்னார். நான் இடையிடையே மொழிபெயர்த்தேன். பாதிக்கு மேல் மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. மாநாட்டு நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் அவள் படம் வரையத் தொடங்கியிருந்தாள். மூன்றாவது முறை இன்வெர்ட்டரையே எடுத்துவிட்டு, பேட்டரியில் நேராக ஓடும் 12 வோல்ட் பம்ப் ஒன்றைச் சேர்த்திருந்தாள். "தண்ணீர் ஏறினால் பம்பைக் கிளப்பும் மிதவை சிக்கிக்கொண்டால்?" என்றார் பெரியவர். ஒரு சாண் உயரத்தில் இரண்டாவது மிதவை இருக்கிறது. அது எழும்பினால் பாட்டியின் படுக்கையருகே விளக்கு எரியும் என்றாள். மணி ஏன் வைக்கவில்லை என்று கேட்டார். பாட்டிக்குக் காது கேட்காது என்றாள்.

பெரியவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இதைச் சொல், அம்மா. எரிந்ததிலிருந்து தொடங்கு" என்றார்.

மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. எழுந்து போகும்போது அவள் என்னிடம், அவர் ஏன் தன்னை அம்மா என்று கூப்பிடுகிறார் என்று கேட்டாள். பெற்ற தாயைக் கூப்பிடும் சொல்லாலேயே சிறு பெண்ணையும் கூப்பிடுவது எங்கள் வழக்கம் என்றேன். தன் பாட்டியும் தன்னை அப்படித்தான் கூப்பிடுவார் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் அவள் வரிசையில் நின்று, இரண்டு இன்வெர்ட்டர்கள் எரிந்ததிலிருந்து தொடங்கினாள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் பொறியாளர் தன் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டதை நான் சற்றுத் தள்ளி நின்று பார்த்தேன். அன்று மாலையே இரண்டு நிறுவனங்கள் அவளை நேர்காணலுக்கு அழைத்தன. முடிவு இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் பெரியவருக்கு நான் பட்ட கடன் அதனால் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

இதை எழுதும்போது எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. ஒன்றரை ஆண்டாக அவளுக்கு நான் ஆசிரியன். அந்த வரி அவள் தன்விவரக் குறிப்பில் எப்போதும் இருந்தது. நான்தான் அதைப் படித்து, எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தவன். மிதவை சிக்கினால் என்ன செய்வாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. ஊக்கமூட்டினேன், உன்னால் முடியும் என்றேன், தைரியமாகப் பேசு என்றேன். பெரியவர் இவற்றில் ஒன்றையும் சொல்லவில்லை. சகப் பொறியாளரிடம் கேட்பதுபோல் ஒரு கோளாறைப் பற்றிக் கேட்டார், பதிலுக்குக் காத்திருந்தார்.

மாநாட்டின் பொதுக் கூட்டத்தில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் எழுந்து நின்று சங்கத்தின் நோக்கத்தை ஒரே குரலில் சொல்வார்கள்: பண்பாட்டுப் பொறுப்புணர்வு கொண்ட கறுப்பினப் பொறியாளர்களின் எண்ணிக்கையைப் பெருக்குவது, அவர்கள் கல்வியில் சிறந்து, தொழிலில் வென்று, தம் சமூகத்துக்கு நன்மை செய்வது. வகுப்பில் எப்போதும் தான் ஒருவன் மட்டுமே கறுப்பினத்தவனாக இருக்கும் எங்கள் இறுதியாண்டு மாணவன், அந்தக் கூட்டத்தில் முதல் முறையாகத் தன்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று சொன்னான். அவன் அதை மகிழ்ச்சியாகத்தான் சொன்னான். எனக்குத் தொண்டை அடைத்தது.

நம்மவர்களிடம் ஒளிக்காமல் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு முன் நெஸ்பியின் எங்கள் கல்லூரிக் கிளைக்கு வழிகாட்டியாக நான் ஒப்புக்கொண்டபோது, நமக்கெதற்கு இது என்று நம் விருந்துகளில் கேட்டவர்கள் உண்டு. நம் வீட்டுக் கூடங்களில் கறுப்பின மக்களைப் பற்றிப் பேசப்படும் பேச்சும் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நம்மில் பலருக்கு இந்நாட்டின் கதவைத் திறந்த 1965ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம், அவர்கள் அடிபட்டும் சிறை சென்றும் நடத்திய உரிமைப் போராட்டத்தின் அலையில் வந்தது. மார்ச் 3ஆம் தேதி இரவு, அப்படிக் கேட்டவர்களில் இருவர் வண்டிச் சாவியோடு என் வாசலில் நின்றார்கள். அவர்களுக்கு என் நன்றி மற்ற எவருக்கும் சொல்லும் நன்றியைவிட ஒரு படி அதிகம்.

ஒரு முடிவு செய்திருக்கிறேன். மார்ச் 27 தொடங்கி ஒவ்வொரு வியாழன் மாலையும் எங்கள் துறையின் ஆய்வகம் ஒன்று திறந்திருக்கும். மாணவர்கள் தாங்கள் செய்ததை, எரிந்ததும் உடைந்ததும் உட்பட, கொண்டு வந்து வைப்பார்கள். நம் ஊரில் ஓய்வு பெற்றவர்களும், பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் பெற்றோர்களுமாகப் பொறியாளர்கள், மேற்பார்வையாளர்கள், மெக்கானிக்குகள் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். வந்து உட்கார்ந்து கேள்வி கேளுங்கள். ஆங்கிலம் பற்றிக் கவலை வேண்டாம். மொழிபெயர்க்க நான் இருக்கிறேன். அடுத்த மாநாடு வரை ஒரு வாரமும் தவறாமல் இதை நடத்துவேன்.

பெரியவர் மே மாதம் ஊர் திரும்புகிறார். அதற்குள் ஒரு சனிக்கிழமை அவரைச் சிகாகோவுக்கு அழைத்து வரும்படி அந்த மாணவியின் பாட்டி சொல்லியனுப்பியிருக்கிறார். கீழ்த்தளத்தைக் காட்ட வேண்டுமாம். வேனை நானே ஓட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எந்தச் சனிக்கிழமை என்று பெரியவரிடம் கேட்டதற்கு, மழை பெய்யும் நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள் தம்பி, பம்ப் ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்றார்.

நன்றியுடன்,
உங்கள் மின்பொறியியல் ஆசிரியன்