அழுதது யார், ஆசிரியரே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன், முதல் தடவை ஆசையாக, இரண்டாம் தடவை சந்தேகத்தோடு. "நெதர்ஃபீல்டு விருந்தில் டார்சி சொன்னதைக் கேட்டு எலிசபெத் ஓரமாகப் போய்க் கண்ணீர் வடித்தாள், அந்தக் கண்ணீரில்தான் காதல் முளைத்தது" என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். (எலிசபெத் கதாநாயகி; டார்சி, அவள் கடைசியில் மணக்கிற கர்வக்காரப் பணக்காரர்.) எந்தப் பதிப்பில் இது இருக்கிறது என்று சொன்னால் நானும் ஒன்று வாங்கிக்கொள்வேன்.

உங்களுக்குத் தெரியாததல்ல, அது நெதர்ஃபீல்டே இல்லை. 3-ஆம் அத்தியாயத்தில் மெரிட்டன் என்ற சின்ன ஊரில், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் கூடுகிற பொது நடனம் அது. நெதர்ஃபீல்டில் டார்சியின் நண்பன் பிங்லி தன் வீட்டுக்கு அழைத்து நடத்தும் விருந்து 18-ஆம் அத்தியாயத்தில்தான் வருகிறது. மெரிட்டனில் ஆண்கள் குறைவு, அதனால் எலிசபெத் இரண்டு நடனத்துக்குச் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். பிங்லி வந்து டார்சியை அவளோடு ஆடச் சொல்கிறான். டார்சி திரும்பிப் பார்க்கிறார், அவள் கண்ணும் அவர் கண்ணும் சந்திக்கின்றன, அப்புறம் பார்வையை விலக்கிக்கொண்டு சொல்கிறார்: சுமார்தான், என்னை இழுக்கிற அளவுக்கு அழகில்லை.

அழுதாளா அவள்? தோழிகளிடம் போய் அதையே சுவையாகச் சொல்லிச் சிரித்தாள்! அழுதிருந்தால் அன்று ராத்திரியே தீர்ந்திருக்கும், சிரித்ததால்தான் உள்ளே தங்கிவிட்டது. என் கர்வத்தைக் காயப்படுத்தாமல் இருந்திருந்தால் அவர் கர்வத்தைச் சுலபமாக மன்னித்திருப்பேன் என்று 5-ஆம் அத்தியாயத்தில் அவளே சொல்கிறாள். அடுத்த அத்தியாயத்தில் அக்கம்பக்கத்து லூகாஸ் குடும்பத்தார் வீட்டில் அவரே ஆடக் கேட்டபோது மறுக்கிறாள். டார்சி தன்னை வஞ்சித்துவிட்டார் என்று விக்கம் என்ற இனிக்கப் பேசும் ராணுவ அதிகாரி அள்ளிவிட்ட கதையை விசாரிக்காமல் நம்புகிறாள். பிறகு அந்தக் கதை பொய் என்று விளக்கும் டார்சியின் கடிதத்தைப் படித்ததும், அறிமுகமான தொடக்கத்திலேயே ஒருவன் கொண்டாடினான், இன்னொருவன் மதிக்கவில்லை, அதில் என் புத்தியே போய்விட்டதே என்று தன்னைத்தானே நொந்துகொள்கிறாள். நாவலுக்கு ஆஸ்டின் முதலில் வைத்த பெயரே 'முதல் அபிப்பிராயங்கள்' என்ற பொருள் வருகிற ஆங்கிலத் தலைப்புதான். மெரிட்டனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கண்ணீரை வைத்தால் மிச்சம் என்ன?

நான் இதைப் புத்தகத்தில் மட்டும் படித்தவள் அல்ல. 1981-ல் சித்தி மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் பந்தியில் என் காதுபடவே "பொண்ணு பரவாயில்லை, சுமார்" என்றார். அன்று ராத்திரி கொல்லைப்புறத்தில் அவர் குரலிலேயே பேசிக்காட்டி எல்லோரையும் வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தேன். ஆறு வருடம் கழித்து அவர் யாரிடமோ கடன் வாங்கி ஏமாற்றினார் என்று ஒருவர் சொன்னபோது, அப்படித்தான் இருப்பார் என்று உடனே நம்பினேன். பொய் என்று பிறகு தெரிந்தது. (இல்லை, அவரை நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை.)

சொல்ல ஆரம்பித்தாயிற்று, மற்றதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் உங்கள் குறுக்கெழுத்தில் 'ஜேன் ஆஸ்டினின் நாவல்' என்று கேட்டு 'ஜேன் அயர்' என்று விடை போட்டீர்கள். ஆஸ்டின் இறந்தது 1817-ல், ஜேன் அயர் வெளிவந்தது 1847-ல். கல்லறையிலிருந்து எழுதினார் போலும். சார்லட் பிராண்ட்டே எழுதியது என்று நான் போட்ட கடிதத்தைப் பாதி வெட்டி, என்னைத் 'திரு.' ஆக்கி வெளியிட்டீர்கள், அதற்கும் நன்றி. நான்கு பக்கமாக இருந்த புத்தகப் பகுதி இப்போது ஒரு பக்கம், அதிலும் பாதி நகைக்கடை விளம்பரம். சந்தா மட்டும் குறையவில்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. நெதர்ஃபீல்டு அல்ல மெரிட்டன், அவள் அழவில்லை என்று அடுத்த இதழில் இரண்டு வரி திருத்தம் போடுங்கள், போதும். இடமில்லை என்று சொல்லாதீர்கள். நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே இரண்டு விரற்கடை காலியாக இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
'திரு.' அல்லாத ஒரு வாசகி
(ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை), கும்பகோணம்