வீட்டுத் தோட்டத்தை மாற்றி அமைக்க மார்கழியே ஏற்ற காலம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வெளிவரும் வீட்டுத் தோட்டப் பகுதியை நான் பல ஆண்டுகளாகத் தவறாமல் படித்து வருகிறேன். ஆடி பிறந்ததும் விதைப்பைப் பற்றியும், சித்திரையில் வெயில் ஏறியதும் செடிகளைக் காப்பாற்றும் முறைகளைப் பற்றியும் அதில் பயனுள்ள செய்திகள் வருகின்றன. மார்கழி, தை மாதங்களில் மட்டும் அப்பகுதி சுருங்கிவிடுகிறது. மழை ஓய்ந்து பனி இறங்கும் நாட்களில் தோட்டத்தில் பெரிதாக வேலை இல்லை என்ற எண்ணமே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். விதைப்பவருக்கு அது ஓரளவு பொருந்தலாம். ஆனால், இருக்கும் தோட்டத்தை மாற்றி அமைக்க நினைப்பவருக்கு இந்த முன்பனிக் காலத்தைப் போல வழிகாட்டும் பருவம் வேறு இல்லை என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அதைத் தங்கள் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கடிதம்.

தாம்பரத்தை அடுத்த எங்கள் வீட்டின் வாசலில் நின்ற குல்மோகர் மரம் 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயலில் வேரோடு சாய்ந்தது. அதே தெருவில் இருந்த புங்கமரமும் பக்கத்து வீட்டு வேம்பும் கிளைகளை மட்டுமே இழந்து நின்றன. அந்த வேறுபாட்டை அன்றே நான் பாடமாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படிச் செய்யாமல், அடுத்த மே மாதம் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது, தோட்டம் அமைத்துத் தருபவர் ஒருவர் காட்டிய வண்ணப் படங்களைப் பார்த்து மயங்கி, கொல்லைப்புறம் முழுவதும் புல்தரை போடச் சம்மதித்தேன். படத்தில் இருந்த தோட்டம் எந்த ஊரில், எந்த மாதத்தில் எடுக்கப்பட்டது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முதல் மழைக்காலத்திலேயே அதன் ஒரு பகுதி நீர் தேங்கி அழுகியது. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, வீட்டுக்கே லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த நாட்களில், மீதிப் புல்லும் காய்ந்து சருகாயிற்று.

அந்த ஆண்டு மார்கழியில் பணம் செலவழிப்பதற்கு முன் பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஒரு கட்டம் போட்ட நோட்டும் ஒரு கிண்ணம் கோலமாவும் போதுமானவையாக இருந்தன. காலை 9 மணிக்கும் உச்சிப்பொழுதுக்கும் பிற்பகல் 3 மணிக்கும் நிழல் எங்கே முடிகிறதோ அங்கே மண்ணில் மாவால் கோடு இழுத்து, அந்தக் கோடுகளை நோட்டில் வரைந்துகொண்டேன். எங்கள் வீடு தெற்குப் பார்த்தது. கொல்லை வடக்கே 24 அடி நீளத்துக்கு இருக்கிறது. மாடிக் கைப்பிடிச் சுவரோடு சேர்த்து வீட்டின் உயரம் 22 அடி. மார்கழி உச்சிவேளையில் அதன் நிழல் கொல்லைக்குள் ஏறக்குறைய 16 அடி வரை நீள்வதைக் கண்டபோது, நான் 20 ஆண்டுகளாகக் குடியிருக்கும் இடத்தையே இதுவரை சரியாகப் பார்க்கவில்லை என்று தோன்றியது.

இதற்கான காரணம் எளியது. சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 13 பாகையில் (டிகிரியில்) இருக்கிறது. சித்திரையில் ஒரு முறையும் ஆவணித் தொடக்கத்தில் ஒரு முறையும் சூரியன் நமக்கு நேர் உச்சியில் வருகிறது. ஜூன் மாதப் பிற்பகுதியில் உச்சிக்குச் சற்று வடக்கே கூடச் சாய்ந்து நிற்கிறது. மார்கழி முதல் வாரத்திலோ, நண்பகலிலேயே அது உச்சியிலிருந்து ஏறக்குறைய 36 பாகை தெற்கே இறங்கிவிடுகிறது. ஆகவே கோடையில் தகிக்கும் வடக்குக் கொல்லை குளிர்காலத்தில் பாதிக்கு மேல் நிழலில் கிடக்கிறது. மே மாதத்து வெயிலை மட்டும் பார்த்துவிட்டு, இந்த இடம் முழுவதும் காய்கறிக்கு ஏற்றது என்று நாம் முடிவு செய்தால், கத்தரியும் தக்காளியும் நன்றாகக் காய்க்க வேண்டிய பனிக்காலத்தில் அவை வெளிச்சத்துக்கு ஏங்கி நீண்டு மெலிந்து போகின்றன. எங்கள் கொல்லையில் வடக்கு மதிலை ஒட்டிய 8 அடி மட்டுமே இந்த நாட்களில் உச்சிவெயில் பெறுகிறது. காய்கறிப் பாத்திகளையும் அவரைப் பந்தலையும் அங்கே மாற்றினேன். வீட்டை ஒட்டிய பகுதியை மஞ்சளுக்கும் வெற்றிலைக்கும் கற்பூரவல்லிக்கும் விட்டு, சித்திரை வெயிலிலிருந்து அவற்றைக் காக்க நடுவில் ஒரு பவளமல்லியையும் கறிவேப்பிலையையும் வைத்தேன்.

நிழலைப் போலவே நீரும் இந்த மாதத்தில்தான் தன் வழியைக் காட்டுகிறது. சென்னை வட்டாரத்தில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் பெய்கிறது. அது ஓய்ந்த உடனே மதிலில் கறை எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது, பாசி எங்கே படர்ந்திருக்கிறது, வண்டல் எந்த மூலையில் படிந்திருக்கிறது, நாம் நாள்தோறும் நடந்து ஈர மண்ணில் விழுந்த ஒற்றையடித் தடம் எந்த வழியாகச் செல்கிறது என்பவை எல்லாம் வரைபடம் போலத் தரையில் தெரிகின்றன. கோடை வந்துவிட்டால் இவை அழிந்துவிடும். மழைநீர்ச் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கி 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. பல வீடுகளில் அந்தக் குழி, நீர் வராத மேட்டில் பெயருக்குத் தோண்டப்பட்டிருப்பதை நான் கண்டிருக்கிறேன். எங்கள் வீட்டுக் குழியும் அப்படித்தான் இருந்தது. வண்டல் படிந்த வடகிழக்கு மூலைக்கு அதை மாற்றி, அதைச் சுற்றி ஈரம் தாங்கும் கல்வாழையை நட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. எங்கள் கொல்லையில் தேங்கிய நீர் இரண்டு நாட்களில் இறங்கிவிட்டது.

அளவுகளும் கோடுகளும் ஒருபுறம் இருக்க, எதை வளர்ப்பது என்ற ஆசையைத் தூண்டுவதற்கும் இக்காலமே உதவுகிறது. மார்கழி விடியலில் திருப்பாவை ஒலிக்கும் வேளையில் தெருவில் ஒரு நடை போய் வந்தால், ஒவ்வொரு வாசலும் ஏதாவது ஒன்றைக் கற்றுத் தருகிறது. கோலத்தின் நடுவே சாணப் பிள்ளையார் மீது வைக்கப் பறங்கிப்பூ எந்த வீட்டிலிருந்து வருகிறது, யார் வீட்டு மதிலோரம் டிசம்பர் பூ ஊதா நிறத்தில் அடர்ந்து நிற்கிறது, பனியிலும் சாமந்தி எங்கே செழித்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நடக்கலாம். நம் மண்ணிலும் நம் காற்றிலும் பூத்து நிற்கும் ஒரு செடியைவிட நம்பகமான மாதிரி எந்தப் படத்திலும் கிடையாது. கேட்டால் குச்சியோ பதியனோ கொடுக்காதவர் எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை. என் பந்தலில் இன்று காய்க்கும் அவரை, மூன்று வீடு தள்ளி இருக்கும் ஒரு பாட்டி முந்தானையில் முடிந்து கொடுத்த விதையிலிருந்து வந்தது. ஆடியில் போட்ட அந்த நாட்டு அவரை பகல் குறையும் காலத்தில்தான் பூக்கும் என்பதால், அதன் பந்தல் எவ்வளவு இடம் கேட்கும் என்பதும் மார்கழியில்தான் தெரியும்.

எது எங்கே இருக்கக்கூடாது என்பதையும் இந்த மாதமே சொல்லிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்குப் பிறகு முருங்கையில் கம்பளிப்பூச்சி கூட்டம் கூட்டமாக அடையும். முருங்கையை வாசற்படிக்கு அருகில் வைத்துவிட்டு, பேரப்பிள்ளைகள் வந்துபோகும் பொங்கல் நாட்களில் ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டிருந்தோம். இப்போது அது கொல்லையின் கடைக்கோடியில் இருக்கிறது.

பூச்செடி வளர்ப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மல்லிகைக் குடும்பத்தின் கவாத்துக் காலம் முன்பனியைச் சுற்றியே அமைந்திருக்கிறது. குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்திலும், பிச்சியை டிசம்பர் கடைசி வாரத்திலும், முல்லையை ஜனவரி கடைசி வாரத்திலும் வெட்டிவிட வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. வெட்டிய பிறகு புதர் மறைத்திருந்த தரை வெளிப்பட்டு, தோட்டத்தின் எலும்புக்கூடு கண்ணுக்குத் தெரிகிறது. இடம் மாற்றவேண்டிய கல், சாய்ந்து போன மதில், தேவையற்ற மூலை ஆகிய எல்லாவற்றையும் அந்தச் சில வாரங்களில் பார்த்துவிடலாம்.

என் மனத்தை மிகவும் மாற்றியது ஒரு கோயில் காடு. புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலுக்கு ஒரு தை மாதத்தில் சென்றிருந்தேன். கோயிலைச் சூழ்ந்திருப்பது, சோழமண்டலக் கடற்கரையில் ஆங்காங்கே மட்டும் எஞ்சியிருக்கும் உலர் பசுமைமாறாக் காட்டு வகை. மழையில் குளித்த இலைகள் அடர்பச்சையாக மின்ன, உயரமான மரங்களின் கீழே சிறு மரங்களும், அவற்றின் கீழே புதர்களும், எல்லாவற்றையும் பிணைத்தபடி கொடிகளும் நின்றன. தரையில் உதிர்ந்த சருகை யாரும் பெருக்கவில்லை. அதன் அடியில் மண் விரலால் தோண்டும் அளவுக்கு மென்மையாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, சருகுகளைக் கூட்டிக் கொளுத்தும் பழக்கத்தை நிறுத்தியதுதான். மகிழமரமும் வெட்சியும் என் தோட்டத்துக்கு வந்தது அந்தப் பயணத்துக்குப் பிறகே. புல்தரை இருந்த இடத்தில் இப்போது மண்ணை மூடிய சருகு மூடாக்கும் நிழலும் இருப்பதால், கோடையில் முன்பு ஊற்றியதில் பாதித் தண்ணீர்கூடத் தேவைப்படுவதில்லை.

செம்மொழிப் பூங்காவில் 2025 ஜனவரியில் நடந்ததைப் போன்ற மலர்க் கண்காட்சிகளுக்கு மக்கள் திரளாகச் செல்வது மகிழ்ச்சி தருகிறது. நானும் சென்று நிறங்களை இணைக்கும் முறையை ரசித்தேன். ஆனால் வெளி மாவட்டங்களிலிருந்து தொட்டிகளில் வந்த மலர்களைப் பார்த்துவிட்டு, அவற்றையே வாங்கி வந்து பங்குனியில் கருக விடுகிறவர்கள் பலர். எந்தச் செடி இந்த ஊரின் கோடையைத் தாங்கும் என்பதைக் காட்சிக்கு அருகிலேயே ஒரு பலகையில் எழுதி வைத்தால், தோட்டக்கலைத் துறை செய்யும் நல்ல வேலை இன்னும் பயன் தரும்.

வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். மார்கழி பார்ப்பதற்கும் திட்டமிடுவதற்கும் உரிய மாதம். மரக்கன்றுகளை அவசரப்பட்டு நடுவதற்கு உரியது அன்று. நட்ட சில வாரங்களில் மழை நின்றுவிடும். வேர் பிடிக்கும் முன்பே கோடை வந்துவிடும். மண் ஈரமாக இருக்கும் தை மாதத்தில் குழி தோண்டுவது, பாதை போடுவது, பந்தல்கால் நடுவது, தொழு உரம் இட்டு மூடுவது ஆகிய வேலைகளை முடித்துக்கொண்டு, மரங்களை ஆடிக்குப் பிறகு வரும் மழைக்கு விட்டுவிடுவதே நல்லது. கீரையும் தொட்டிப் பூக்களும் இப்போதே தாராளமாகப் போடலாம்.

தங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. வரும் மார்கழியில் தோட்டப் பகுதியைச் சுருக்காமல், வாசகர்கள் தங்கள் வீட்டு நிழலையும் நீர் ஓடும் வழியையும் கையால் வரைந்து அனுப்பும் படங்களில் வாரத்துக்கு இரண்டையாவது வெளியிட்டு, தோட்டக்கலை அறிந்த ஒருவரின் குறிப்பையும் அவற்றோடு சேர்த்துத் தாருங்கள். கிழக்கு பார்த்த வீடு, மாடி மட்டும் உள்ள வீடு, கிணற்றடி உள்ள வீடு என்று விதவிதமாக வரும். எங்கள் கொல்லையின் படத்தை, 2019இல் கோலமாவுக் கோட்டைப் பார்த்து வரைந்த பழைய தாளோடு சேர்த்து, முதல் ஆளாக அனுப்பி வைக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
தாம்பரம்.