குதிகால் வலியில் கைகொடுத்தவர்களுக்கு

ஜவுளிக்கடையில் நின்றே வேலை பார்ப்பவள் நான், தீபாவளி வியாபாரம் முடிந்த கையோடு எழுதுகிறேன். நான் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். இப்போது காலையில் சுவரைப் பிடிக்காமல் நடக்கிறேன், அது போதும்.

முதல் நன்றி, மதுரை பெரியார் பேருந்து நிலையம் பக்கம் செருப்புத் தைக்கும் ஐயாவுக்கு. அறுந்த வாரைத் தைக்கத்தான் கொடுத்தேன். அவர் செருப்பைத் திருப்பி, குதிகால் தேய்ந்திருந்த விதத்தைப் பார்த்தார். "காலைல மொத அடி வைக்கும்போது உசுரு போகுமேம்மா?" என்றார். எக்ஸ்ரே இல்லாமலே கண்டுபிடித்துவிட்டார்! வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லி, செருப்பில் சாக்பீஸால் குறித்துக்கொண்டார். எம்.சி.ஆர். ஷீட் என்ற மெத்தென்ற ரப்பரில் ஒரு துண்டு வெட்டி, குறித்த இடத்தில் மட்டும் குழிவாகச் செதுக்கி ஒட்டிக் கொடுத்தார். வலிக்கிற இடம் தரையில் அழுந்தாமல் நின்றது. அவர் கேட்ட காசுக்குப் பேரம் பேச வாயே வரவில்லை எனக்கு. பிறகு அந்த வழியாகப் போனபோது அவரே கூப்பிட்டு, அமுங்கிப்போன துண்டை மாற்றி ஒட்டினார்.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மாவுக்கும் நன்றி. குதிகால் எலும்பில் வளர்ந்த முள்ளை வெட்டி எடுக்க வேண்டுமோ என்று நடுங்கியவளிடம் பொறுமையாகச் சொன்னார்: பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல்வரை ஒரு நார்ப்பட்டை ஓடுகிறது, நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு அது இழுபட்டு நோகிறது. முள் அந்த இழுப்பில் மெல்ல வளர்ந்தது. முள் இருந்தும் வலியே இல்லாதவர்கள் நிறையப் பேராம். பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே சில மாதங்களில் குறைந்துவிடுமாம். பிசியோதெரபி தம்பி, படுக்கையிலேயே துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்கவும், சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டவும், ஐஸ் பாட்டிலைப் பாதத்தால் உருட்டவும் பழக்கினார். வீட்டுக்குள்ளும் செருப்பு போடச் சொன்னபோது மாமியார் முகம் சுளிப்பார் என்று நினைத்தேன். அவரே புதுச் செருப்பு வாங்கி வைத்தார்!

என் பங்குக்கும் மாடி ஏறிச் சேலை எடுத்துவந்த பட்டுப் பிரிவு அக்காமார், இறக்கிவிட்ட ஆட்டோ அண்ணன், எல்லாருக்கும் நன்றி.

கடையில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் வந்துவிட்டது. எங்கள் தளத்திலும் ஸ்டூல் உண்டு, அதன்மேல் ஜாக்கெட் பிட் கட்டுகள் உட்கார்ந்திருக்கும். பொங்கலுக்குப் புதுப் பிள்ளைகள் வேலைக்கு வருவார்கள். அந்தக் கட்டுகளை நானே இறக்கிவைத்து அவர்களை உட்காரச் சொல்வேன். சூப்பர்வைசர் கேட்டால் என் பெயரைச் சொல்லட்டும்.