"ஹலாலா?" என்று மட்டும் கேட்காதே

அன்பு மகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

வெளிநாட்டுக்கு விமான டிக்கெட் எடுத்த கையோடு முஸ்லிம் சாப்பாடு என்று பதிந்துவிடு. எம்.ஓ.எம்.எல். என்பது அதன் குறியீடு. புறப்பட 24 மணி நேரம் முன்பாவது சொல்லச் சொல்வார்கள். டிக்கெட் விற்றது ஒரு நிறுவனம், விமானம் ஓட்டுவது வேறொன்று என்றால், ஓட்டுகிறவர்களிடம் கேட்டு உறுதிசெய். விமானம் மாறினால் இந்தப் பதிவு விட்டுப்போவதுண்டு.

போன இடத்தில் "ஹலாலா?" என்று மட்டும் கேட்டு நிறுத்தாதே. பலருக்கு அதன் பொருள் "பன்றி இல்லை" என்பதுதான். ஆமாம் என்பார்கள், அவர்கள் அறிந்தவரை அது பொய்யும் இல்லை. இறைச்சி எங்கிருந்து வருகிறது, பொரிக்கிற எண்ணெயில் வேறென்ன பொரிக்கிறீர்கள், சாஸில் ஒயின் சேர்க்கிறீர்களா என்று தனித்தனியாகக் கேள். இந்தக் கேள்விகளை அந்த ஊர் மொழியில் எழுதி, இணையம் இல்லாமலும் திறக்கும்படி போனில் வைத்துக்கொள்.

சான்றிதழ் மாட்டியிருந்தால் யார் கொடுத்தது என்று பார். மலேசியாவில் ஜாக்கிம், சிங்கப்பூரில் முயிஸ் என்ற அமைப்புகள் கொடுக்கும். கடையின் பெயர், முகவரி, முடிவுத் தேதி மூன்றும் பொருந்த வேண்டும். சில கடைகளில் சுவரில் இருப்பது இறைச்சி கொடுப்பவரின் சான்றிதழ். கறி ஹலால்தான், சட்டிக்கு யார் பொறுப்பு? "நோ போர்க், நோ லார்ட்" என்ற பலகை பன்றிக்கறியும் பன்றிக் கொழுப்பும் இல்லை என்று மட்டும்தான் சொல்கிறது, விலங்கை எப்படி அறுத்தார்கள் என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சைவம் என்றால் கவலையில்லை என்று நினைத்துவிடாதே; ஏமாறுவது பெரும்பாலும் அங்கேதான். மெக்சிகோவில் பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள், 'மாண்டேகா' என்பது அதுதான். இத்தாலியில் ரிசொட்டோ என்ற அரிசிச் சாப்பாட்டுக்கு ஒயிட் ஒயின் ஊற்றுவார்கள். ஜப்பானில் காய்கறி ராமென் நூடுல்ஸின் சாறே பன்றி எலும்பில் காய்ச்சியதாக இருக்கலாம். அங்கே சமையலில் ஊற்றும் மிரின் என்ற இனிப்பு அரிசி ஒயினில் சுமார் 14 சதவீதம் ஆல்கஹால். "கொதிக்கும்போது ஆவியாகிவிடும்" என்பார்கள். முழுவதும் போகாது. ஊற்றாமல் செய்து தர முடியுமா என்று கேள்.

பாக்கெட் வாங்கினால் ஜெலட்டின் எந்த விலங்கினுடையது என்று பார். சேர்பொருள்களை இ-எண்களாகவும் போட்டிருப்பார்கள். இ-120 பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு. இ-471 தாவரக் கொழுப்பிலும் வரும், விலங்குக் கொழுப்பிலும் வரும். எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. விலங்குப் பொருள் எதுவும் இல்லை என்கிற 'வீகன்' முத்திரை இருந்தால் அந்தச் சந்தேகம் தீரும். ஆனால் ஆல்கஹாலுக்கு அந்த முத்திரை பதில் சொல்லாது.

ஹோட்டல் காலை உணவில் ஆம்லெட்டை பேக்கன் என்கிற பன்றிக்கறி வாட்டிய தகட்டிலேயே போடுவார்கள். அவித்த முட்டை கேள், அல்லது தனிச் சட்டி கேள். இரவில் ஒன்றும் கிடைக்காவிட்டால் மீனை ஃபாயிலில் சுற்றி ஓவனில் வைத்துத் தரச் சொல்.

ஸபீஹா போன்ற ஹலால் கடை தேடும் செயலிகளில் கடைசிக் குறிப்பு எந்தத் தேதியில் எழுதியது என்று பார். கைமாறிய கடைகள் பழைய பெயரிலேயே நிற்கும். அதைவிட, வரைபடத்தில் பள்ளிவாசலைத் தேடு. ஜும்ஆ முடிந்து வெளியே வருகிறவர்களிடம் எங்கே சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் போதும்.

வேதக்காரர்களான யூதர்களும் கிறிஸ்தவர்களும் அறுத்தது, மயக்கமூட்டி அறுத்தது, இவற்றில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நீ நம்புகிற ஆலிமிடம் புறப்படுவதற்கு முன்பே கேட்டுக்கொள். பசியோடு கடை வாசலில் நின்று முடிவெடுக்கிற விஷயமில்லை அது.

எம்.ஓ.எம்.எல். பதிவானதும் ஒரு வரி எழுது.

வஸ்ஸலாம்,
உம்மா